கோட்டுக்கு அந்தாண்ட நில்லுங்க: விசைப்படகு சங்கத்து அண்ணன்களுக்கு ஒரு திறந்த மடல்

விசைப்படகு சங்கத்து நிர்வாகிகளுக்கும், ஓனர் அண்ணன்களுக்கும், வீல் புடிக்கிற டிரைவர் அண்ணன்களுக்கும்,

போன வாரம் ஆமை சாவுறதப் பத்தி நடந்த கூட்டத்துல கடைசி வரிசையில உக்காந்திருந்தவன் நான். மைக் எங்க பக்கம் வரவே இல்ல, வந்திருந்தா அங்கயே பேசி முடிச்சிருப்பேன், இப்படி ராத்திரில போன்ல தட்டிக்கிட்டு இருக்க மாட்டேன். உங்க தரப்புல பேசினவரு ரெண்டு விஷயம் சொன்னாரு. ஆமை சாவுறதுக்கும் லாஞ்சுக்கும், அதாவது விசைப்படகுக்கும், சம்பந்தமே இல்ல, பெரிய கப்பல்ல அடிபட்டு சாவுது, வயசாகி சாவுது, எதுக்கெடுத்தாலும் எங்க தலையில கட்டாதீங்கன்னாரு. அப்புறம் ஆமை வெளிய போற கருவிய மடியில, அதான் லாஞ்சு பின்னாடி இழுத்துட்டுப் போற பை மாதிரி வலையில, மாட்டுறதில்லன்னு சங்கத்துல முடிவு பண்ணியாச்சு, ஜனவரில வழக்கம் போலத்தான் தொழில்னாரு. நல்லா கை தட்டுனாங்க. தட்டினதுல எனக்குத் தெரிஞ்ச முகமே நாலஞ்சு இருந்துச்சு, அதான் வயிறு எரிஞ்சுது.

நான் ஏசி ரூம்ல இருந்து எழுதுற ஆளு கிடையாது. சென்னைக்குத் தெக்க ஒரு குப்பம். தாத்தா கட்டுமரம், நைனா கட்டுமரத்துல ஆரம்பிச்சு ஃபைபர் போட்டுக்கு வந்தவரு, இப்ப நானும் அண்ணனும் அதே மாதிரி ஒரு ஃபைபர்ல 9.9 குதிரைசக்தி இன்ஜின் வச்சு ஓட்டிக்கிட்டு இருக்கோம். என் தங்கச்சி வீட்டுக்காரன் உங்க லாஞ்சுல தான் கூலிக்கு வர்றான். அதனால யாரோ என்னமோ சொல்றான்னு தள்ளிவிட்டுடாதீங்க.

வயசாகி சாவுதுன்னு சொன்னீங்களே, அதுக்கு மட்டும் முதல்ல பதில் சொல்லிடுறேன்.

2025 ஜனவரி. சென்னைய சுத்தி இருக்கிற கரையில மட்டும் ஆயிரத்துக்கும் மேல பங்குனி ஆமை செத்து ஒதுங்குச்சுன்னு பேப்பர் டிவி எல்லாத்துலயும் வந்துச்சு, பசுமைத் தீர்ப்பாயமே தானா கேஸ் எடுத்துச்சு. பேப்பர விடுங்க. பொங்கலுக்கு மொத நாள் காலையில வலை காயப்போட போனவன், நாத்தம் தாங்காம எங்கேருந்து வருதுன்னு பாக்க தெக்கால நடந்தேன், அடுத்த குப்பம் போய் சேர்றதுக்குள்ள பதினொண்ணு எண்ணினேன். சின்ன வயசுல இருந்து பாக்குறேன், ஒரு சீசனுக்கு மொத்தமா பத்து இருவது ஒதுங்குறது சாதாரணம், ஒரே காலையில பதினொண்ணு எங்க நைனாவே பாத்ததில்லன்னாரு. குனிஞ்சு ஒவ்வொண்ணா பாத்தேன். முக்கால்வாசியில ஓட்டுல ஒரு கீறல் கிடையாது. கப்பல் அடிச்சிருந்தா ஓடு பொளந்திருக்கும், புரொப்பல்லர் பட்டிருந்தா வரிவரியா வெட்டு இருக்கும், ஒண்ணு ரெண்டுல மட்டும் தான் அப்படி இருந்துச்சு. மத்ததெல்லாம் கண்ணு ரெண்டும் வெளிய பிதுங்கி, கழுத்து உப்பிப்போய் கிடந்துச்சு. மூச்சு முட்டி செத்தா அப்படித்தான் இருக்கும்னு அங்க அறுத்துப் பாக்க வந்த டாக்டரு சொன்னாரு, அவரு சொல்லாட்டியும் எனக்குத் தெரியும், ஏன்னா நான் அப்படி ஒண்ணைக் கொன்னிருக்கேன், அதுக்கு அப்புறம் வர்றேன். அவரு அறுத்ததுல ஒண்ணு வயித்துக்குள்ள முட்டை. வெள்ளை வெள்ளையா பிங்பாங் பந்து மாதிரி, ஒண்ணு மேல ஒண்ணா, ஒரு கூடை அளவுக்கு. அது அன்னிக்கோ மறுநாளோ ராத்திரி கரையேறி குழி தோண்டி போட்டிருக்க வேண்டிய முட்டை. வயசான ஆமையா அண்ணே அது?

ஆமைக்கு மீன் மாதிரி செவுள் கிடையாது, நம்மள மாதிரி நுரையீரல், மேல வந்து மூச்சு வாங்கிட்டுத்தான் கீழ போவும். சும்மா படுத்திருந்தா ரொம்ப நேரம் தாங்கும். மடிக்குள்ள மாட்டி அடிச்சுக்கும்போது உள்ள இருக்கிற காத்து சீக்கிரம் தீந்துபோயிடும். நீங்க ஒரு பாடு, அதாவது மடிய ஒரு தடவை இறக்கி தூக்குறதுக்குள்ள, எவ்வளவு நேரம் இழுக்குறீங்க? ரெண்டு மணி நேரம், சில நேரம் மூணு மணி நேரம். ஒரு மணி நேரத்துக்குள்ள மடிய தூக்கிட்டா முக்கால்வாசி உசுரோட வரும், அதுக்கு மேல போகப் போக பொணம் தான் வரும், இது உங்க டிரைவருக்கே தெரியும். தங்கச்சி வீட்டுக்காரன் போன சீசன்ல ஒரு நாள் வந்து சாப்பிட உக்காந்தவன் சோத்த தொடாம எழுந்துட்டான். கேட்டதுக்கு, ஒரே பாட்டுல மூணு வந்துச்சு மச்சான், மூணும் முடிஞ்சுபோச்சு, ஓனரு சீக்கிரம் தூக்கிப் போடுங்கடான்னு கத்துறாரு, யாரும் போன்ல எடுத்துடக் கூடாதுன்னு பயம்னான். அவன் எந்த போட்டுன்னு கேக்காதீங்க, அவன் பொழப்பு அது.

எங்க பாட்டி ஆமைன்னு வாயால சொல்லாது. கடல்ல வச்சு அந்தப் பேர எடுக்கக் கூடாதுன்னு, குட்டியம்மான்னு தான் சொல்லும். ஆமை புகுந்த வீடு உருப்படாதுன்னு ஊருக்குள்ள ஒரு பழமொழி சுத்துது, அது கரையில இருக்கிறவன் சொன்னது, கடலுக்குப் போறவன் சொன்னதில்ல.

சரி, என் கதை. பத்து வருஷத்துக்கு முன்ன நாங்களும் திருக்கை வலை வச்சிருந்தோம். பெரிய கண்ணு, தரையோட படுக்கிற வலை, சாயங்காலம் போட்டுட்டு காலையில போய் எடுக்கிறது. ஒரு மாசி மாசம் போய் எடுத்தா ஒரு குட்டியம்மா, கழுத்தையும் முன்னங்காலையும் சுத்திக்கிட்டு, கண்ணு பிதுங்கி. அண்ணன் பேசாம வலைய அறுத்து விட்டாரு, அன்னிக்கு முழுக்க ரெண்டு பேரும் பேசிக்கல. அடுத்த வருஷம் இன்னொண்ணு, அதுவும் செத்துப்போச்சுன்னு தூக்கிக் கடாசப் போனேன், கூட வந்த பெரியப்பா தடுத்தாரு. அதத் திருப்பிப் போட வேணாம், வயிறு கீழ இருக்கட்டும், பின்பக்கத்த மட்டும் தூக்கி வைன்னாரு. கயித்துச் சுருள் மேல பின்னாடிய ஏத்தி வச்சு, ஈரக் கோணிய மேல போட்டு, வெயில் படாம வச்சோம். வாயில இருந்து தண்ணி ஒழுகிக்கிட்டே இருந்துச்சு. மூணு மணி நேரம் இருக்கும், கண்ணு இமை ஆடுச்சு. அப்புறம் ஒரு பெரிய மூச்சு, சைக்கிள் டியூப்ல காத்து எறங்குற மாதிரி சத்தம். கரைக்கு வர்றதுக்குள்ள காலை அடிக்க ஆரம்பிச்சுது, இறக்கி விட்டோம். அதோட திருக்கை வலைய வித்துட்டோம். எங்க ஆளுங்கள்லயும் இன்னும் சில பேர் அந்த வலை போடுறாங்க, அத மறைக்கல, எங்க பஞ்சாயத்துல அதப் பேசிக்கிட்டுத்தான் இருக்கோம். ஆனா ஒரு வலையில ஒரு சீசனுக்கு ஒண்ணு ரெண்டு, உங்க ஒரு பாட்டுல மூணு. ரெண்டையும் ஒரே தராசுல வைக்காதீங்க.

இப்ப கோட்டு விஷயத்துக்கு வர்றேன், எனக்கு முக்கியமே இதான்.

கரையில இருந்து 5 கடல் மைல், கிலோமீட்டர்ல சொன்னா ஒம்பதுக்கு மேல, அது வரைக்கும் இழுவை மடி வரக்கூடாது. 1983-ல வந்த கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம், கரையோரத்த சின்னத் தொழில்காரனுக்குன்னு பிரிச்சு வச்சது. அது போக ஜனவரில இருந்து ஏப்ரல் வரைக்கும் ஆமை ஏறுற கரைப் பக்கம் வரவே கூடாதுன்னு தனியா அரசாணை. ஆமைய 1972 வனவிலங்குச் சட்டத்துல முதல் அட்டவணையில வச்சிருக்கு, புலிக்கு என்ன பாதுகாப்போ அதே தான். இதெல்லாம் உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்ல. போன பிப்ரவரில ஒரு ராத்திரி, நண்டு வலை போட்டுட்டு நங்கூரம் போட்டு படுத்திருக்கோம், வாடைக்காத்து லேசா, இன்ஜின் சத்தம் கிட்டக்க கேக்குது, எழுந்து பாத்தா ரெண்டு லாஞ்சு, மடிய இழுத்துக்கிட்டு எங்க வலை மேலயே வருது. டார்ச் அடிச்சோம், கத்தினோம். மேல நிக்கிற ஆளு பீடி புடிக்கிற நெருப்பு தெரியுது, அவ்வளவு பக்கம். கையில இருந்த ஜிபிஎஸ்ஸ பாத்தேன், கரையில இருந்து 2 கடல் மைல் கூட முழுசா இல்ல, ஆழம் பத்து பாகம், அதாவது அறுபது அடி. பின்னாடியே மூணாவதா ஒரு லாஞ்சு லைட்ட அணைச்சுட்டு போச்சு. காலையில போய் பாத்தா மிதவையே இல்ல, எட்டு பீஸ் வலையில ரெண்டு பீஸ் கிழிசலோட கிடைச்சுது, மிச்சம் எல்லாம் உங்க மடியோட போயிடுச்சு. நைனா கட்டின வலை அது, கடன் இன்னும் அடைஞ்சு முடியல.

புகார் சொல்ல ஒரு ஆபீசுக்குப் போனோம். போட்டு நம்பர் இருக்கான்னாங்க. இருட்டுல எங்க நம்பர் பாக்க, ஒண்ணோட நம்பர் மட்டும் பாதி எழுதியிருந்தோம், காட்டினோம். வலை கிழிஞ்சதுக்கு போலீசுக்குப் போங்க, ஆமை செத்ததுக்கு ஃபாரஸ்ட்டுக்குப் போங்க, எல்லை தாண்டினதுக்கு போட்டோ கொண்டாங்கன்னாங்க. அன்னிக்குப் போன கூலி போச்சு. அதுல இருந்து ஒரு நோட்டு போட்டு வச்சிருக்கேன், உள்ள வர்ற ஒவ்வொரு போட்டும், தேதி, நேரம், ஜிபிஎஸ், தெரிஞ்சா நம்பர்.

உங்க கஷ்டம் எனக்குப் புரியாம இல்ல. டீசல் விலை, ஐஸ் விலை, ஒரு ட்ரிப்புக்கு எறங்குனாலே லட்சக்கணக்குல போட்டுட்டுத்தான் எறங்கணும், இறால் இருக்கிறது கரையோரத்துல தான், அதத் தேடித்தான் உள்ள வர்றீங்க. ஆனா ஆமையும் அதே நேரத்துல அதே இடத்துக்குத்தான் வருது. ஜனவரிக்கு முன்னாடியே வந்து கரைய ஒட்டி ஜோடி சேந்து, முட்டை பழுக்குற வரைக்கும் அங்கயே சுத்திக்கிட்டு இருக்கும். பேரே பங்குனி ஆமை, பங்குனியோட அதோட வேலை ஏறக்குறைய முடிஞ்சுடும். நீங்க ஒவ்வொரு தடவையும் சொல்றீங்க, நாங்க தான் ஏப்ரல் 15-ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் தடைக்காலம் நிக்கிறோமே, இன்னும் எவ்வளவு நிக்கிறதுன்னு. அந்த 61 நாள் மீன் குஞ்சு பொரிக்கிறதுக்கு. அது ஆரம்பிக்கும்போது குட்டியம்மா முட்டை போட்டுட்டு கிளம்பிப் போயிருக்கும், இல்லன்னா உங்க மடியில செத்திருக்கும். அதோட நான் உங்கள நாலு மாசம் தொழில நிறுத்தச் சொல்லல. கோட்டுக்கு அந்தாண்ட போய் பண்ணுங்கன்னு தான் சொல்றேன்.

கூட்டத்துல இன்னொரு அண்ணன் எழுந்து, ஒடிசால லட்சக்கணக்குல முட்டை போடுது, இங்க ஆயிரம் போனா குறைஞ்சா போயிடும்னாரு. 2025 பிப்ரவரில ருசிகுல்யா ஆத்து முகத்துவாரத்துல மட்டும் கிட்டத்தட்ட 7 லட்சம் ஆமை ஏறுச்சு, உண்மை தான். அங்க ஏன் ஏறுச்சுன்னு யோசிச்சீங்களா? ருசிகுல்யா, தேவி, தாம்ரா மூணு முகத்துவாரத்துலயும் நவம்பர் 1-ல இருந்து மே 31 வரைக்கும் 20 கிலோமீட்டருக்கு மீன்பிடிக்கத் தடை, வருஷா வருஷம், ஏழு மாசம். அங்க இருக்கிறவனும் நம்மள மாதிரி கடல் தொழில் பண்றவன் தான். நான் இங்க கேக்குறது நாலு மாசம், 9 கிலோமீட்டர்.

கரையில நடக்குறதையும் கொஞ்சம் பாருங்க. 1988-ல இருந்து காலேஜ் பசங்க ராத்திரி ராத்திரி நீலாங்கரை பக்கம் இருந்து பெசன்ட் நகர் வரைக்கும் நடக்குறாங்க, சின்னப் பையனா இருந்தப்போ டீயும் பன்னும் வாங்கித் தருவாங்கன்னு நானும் பின்னாடி நடந்திருக்கேன். ஆமை முட்டை போட்ட இடத்த தேடி, நாய் தோண்டுறதுக்கு முன்ன எடுத்து பொரிப்பகத்துல புதைச்சு, 45, 50 நாள் காத்திருந்து குஞ்ச கடல்ல விடுறாங்க. இப்ப ஃபாரஸ்ட்டும் செய்யுது, 2024 சீசன்ல தமிழ்நாடு முழுக்க 2 லட்சத்துக்கும் மேல குஞ்சு விட்டாங்க. ஆயிரம் குஞ்சுல ஒண்ணு பெருசானா அதிகம்னு சொல்லுவாங்க. ஒரு கூட்டுல சுமாரா நூறு முட்டைன்னு வச்சுக்கிட்டா பத்து கூட்டுக்கு ஒரு தாய், அதுவும் பத்து பதினஞ்சு வருஷம் கழிச்சு. நீங்க ஒரு பாட்டுல மூணு தாய தூக்கிப் போட்டா, அந்தப் பசங்க முப்பது கூட்டுக்கு ராத்திரி முழிச்சது காலி.

அடுத்து அந்தக் கருவி. மடியோட கடைசிப் பைக்கு முன்னாடி சாய்வா ஒரு கம்பித் தட்டி, இறாலும் மீனும் கம்பிக்கு நடுவுல பூந்து பைக்குப் போயிடும், ஆமை தட்டியில முட்டி சரிஞ்சு பக்கத்துல இருக்கிற ஓட்டை வழியா வெளிய போயிடும், அவ்வளவு தான். கொச்சில இருக்கிற மத்திய மீன்பிடித் தொழில்நுட்ப நிறுவனமே நம்ம மடிக்குத் தகுந்த மாதிரி ஒண்ணு செஞ்சு வச்சிருக்கு. பாதி மீன் வெளிய போயிடும்னு பேசினாரு உங்க ஆளு. எத்தனை தடவை மாட்டிப் பாத்துட்டு சொல்றாருன்னு தான் எனக்குக் கேள்வி. கொஞ்சம் போகும், இல்லைன்னு சொல்லல. ஆனா அந்தக் கருவி இல்லாததால அமெரிக்கா நம்ம கடல் இறால 2019-ல இருந்து வாங்குறதே இல்ல, குளத்துல வளக்குற இறாலத்தான் வாங்குறான். கடல் இறாலுக்கு ஏலத்துல விலை போகலன்னு நீங்களே போராட்டம் பண்ணுறீங்க, அந்த நஷ்டத்த எந்தக் கணக்குல எழுதுவீங்க?

அதனால கேக்குறேன், இதெல்லாம் நேரா உங்க சங்கத்துக்கிட்ட.

கருவி மாட்டுறதில்லன்னு எடுத்த முடிவ வாபஸ் வாங்குங்க. எல்லா போட்டும் ஒரே நாள்ல மாட்ட வேணாம். இந்த சீசன் பத்து போட்டுல மாட்டுங்க, பத்து போட்டு மாட்டாம ஓடட்டும், ரெண்டோட பாடும் எல்லாருக்கும் முன்னாடி எடை போடுங்க, கொச்சி ஆளுங்களையும் கூப்பிடுங்க, நாங்களும் வந்து நிக்கிறோம். கருவிக்கான செலவு ஓனர் கைக்காசா இருக்கக் கூடாது, அரசு தரணும்னு மனு குடுத்தீங்கன்னா எங்க குப்பத்துல அத்தனை பேரும் கையெழுத்துப் போடுறோம்.

ஜனவரி 1-ல இருந்து தடைக்காலம் வர்ற வரைக்கும் ஒரு போட்டும் 5 கடல் மைலுக்குள்ள வரக்கூடாதுன்னு சங்கமே தீர்மானம் போடுங்க. போட்டு எங்க இருக்குன்னு காட்டுற டிரான்ஸ்பாண்டர அணைச்சு வைக்கிறத நிறுத்துங்க. மீறி வந்தவனுக்கு சங்கமே அபராதம் போட்டு, போட்டு நம்பர ஏலக்கூடத்துல போர்டுல எழுதுங்க. ஆபீசரு வந்து புடிக்கிற வரைக்கும் காத்திருக்காதீங்க, அவரு வர மாட்டாருன்னு உங்களுக்கும் தெரியும் எங்களுக்கும் தெரியும்.

கோட்டுக்கு அந்தாண்டயும் ஆமை மாட்டும். அதனால மார்ச் முடியுற வரைக்கும் முக்கால் மணி நேரத்துக்கு ஒரு தடவை மடிய தூக்குங்க. செத்த மாதிரி வந்தாலும் உடனே தூக்கிக் கடாசாதீங்க, பின்பக்கத்த ஒரு சாண் தூக்கி வச்சு, ஈரக் கோணி போட்டு, நிழல்ல விடுங்க, சில நேரம் ஒரு நாள் கூட ஆகும். இறக்கி விடும்போது இன்ஜின நியூட்ரல்ல போடுங்க. ஒரு ஓனர் ஆரம்பிச்சா மத்தவன் செய்வான், கூலிக்கு வர்ற பையனுக்கும் மனசுக்கு நல்லா இருக்கும்.

அறுந்துபோன வலைக்கு ஒரு பேச்சுவார்த்தை வேணும். ரெண்டு பக்கத்துல இருந்தும் மூணு மூணு பேர் போட்டு ஒரு குழு, புகார் வந்தா ஒரு வாரத்துல தீர்ப்பு. எங்க பக்கத்துல இருந்து திருக்கை வலைய ஜனவரில இருந்து மார்ச் வரைக்கும் கரைக்குக் கொண்டு வந்துடுறோம்னு பஞ்சாயத்துல எழுதி வாங்குற பொறுப்பு என்னுது.

மார்கழி முடியுறதுக்குள்ள வர்ற ஞாயித்துக்கிழமைகள்ல உங்களுக்கு எது தோதோ அத சொல்லி விடுங்க, எங்க குப்பத்து அம்மன் கோயில் வாசல்ல உக்காந்து பேசலாம். போன வாரம் மைக்ல பேசினவரும் வரட்டும். அந்த நோட்டையும் எடுத்து வச்சிருப்பேன், போன சீசன்ல முப்பத்தெட்டு பதிவு இருக்கு அதுல, உங்க போட்டு இருந்தா நீங்களே பாத்து அடையாளம் சொல்லுங்க.